பழைய குருமனையின் பக்கக் கதவு

ஆஷ்மார்லி, ஷ்ரோப்ஷயர்
ஜூன் 1974

என் அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை கடல்களுக்கு அந்தப் பக்கம் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். உன் ஊர் டனீடினில் குளிர் தொடங்கிவிட்டது என்றும் ஆஸ்பத்திரியில் உன்னைப் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்றும் படித்து மனசு நிம்மதியானது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் பாதிக்கு மேல் பழைய வீட்டைப் பற்றித்தான் விசாரித்திருக்கிறாய். முன்சுவரில் விஸ்டேரியா பூத்ததா, உன் அறை ஜன்னல் இன்னும் பாதியில் சிக்குகிறதா, சமையல்கட்டுக்குப் போகிற பச்சைத் துணி போர்த்திய கதவை அவர்கள் கழற்றிவிட்டார்களா என்று எத்தனை கேள்விகள். என்னைப் பற்றிக் கேட்டது முழங்கால் எப்படி இருக்கிறது என்ற ஒரே வரி. முழங்கால் இருக்கிறது. வீடும் இருக்கிறது. நம்மை அனுப்பிவிட்டதில் அதற்குத் துளி வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை, முன்னைவிடப் பளிச்சென்றுதான் நிற்கிறது.

நீ கப்பல் ஏறியபோது நாம் அங்கேதான் இருந்தோம், அதனால் இந்தப் புது வீட்டை நீ பார்த்ததில்லை. பழைய குருமனையைச் சூடாக்கவே அப்பாவைப்போல ஒரு சபைக் குருவுக்கு, ஒரு ரெக்டருக்கு, வருகிற சம்பளம் போதாது என்று பேராயத்தார் அதை விற்றுவிட்டு, நம்முடைய காய்கறித் தோட்டத்திலேயே, நீ பட்டாணி பறித்த பாத்திகளின் மேல், இதைக் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது ஊர் ஊராக இப்படித்தான் நடக்கிறது. வெளிர்ச் செங்கல், தட்டை முகம், சாலையிலிருந்து வாசல்வரை நேராக ஒரு சிமெண்டுப் பாதை, முன்னறையில் சுவர் அகலத்துக்கு ஒரே கண்ணாடி. குழாயைத் திறந்தால் சுடுநீர் வருகிறது, கூரை ஒழுகுவதில்லை, கோட்டு போட்டுக்கொண்டு படுக்கைக்குப் போக வேண்டியதில்லை. நன்றியோடு இருக்க வேண்டும், இருக்கிறேன். எதிரே தபால் நிலையம் வைத்திருக்கும் எட்னா பிரீஸ் முதல் நாளே வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு ரெக்டரம்மா. பல்லு புடுங்கிக்க வந்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது சமையலறை ஜன்னல். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் மேலே அதை வைத்திருக்கிறார்கள், அதில் வேறொன்றும் தெரியாது, பழைய வீடு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தட்டைக் கழுவும்போதும் அதை நிமிர்ந்து பார்க்கிறேன்.

நீ உள்ளேயிருந்து வளர்ந்தவள், அந்த வீட்டை இப்படி வெளியில் நின்று வெறித்துப் பார்த்திருக்க மாட்டாய். சிவப்புச் செங்கல் முகம், கதவுக்கு இரண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி ஜன்னல்கள், கதவுக்கு மேலே விசிறிபோல விரிந்த கண்ணாடி. மேல்மாடி ஓரத்தில் ஒன்று மட்டும் ஜன்னலே இல்லை, உள்ளே புகைபோக்கி போவதால் சுவரில் கறுப்பு பூசி வெள்ளைக் கோடு இழுத்து ஜன்னலாகக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் சரியாக வரவேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய். அந்தப் பொய்க்குக்கூடப் புதிதாக வண்ணம் அடித்துவிட்டார்கள், உண்மை ஜன்னல்களைவிட அதுதான் மினுங்குகிறது. பின்பக்கம் போனால் கோணல் மரச்சட்டமும் முதுகு வளைந்த கூரையுமாக அதே பழைய கிழவி. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த பணக்கார ரெக்டர் டாக்டர் ஸ்கெஃபிங்டன், கிழவியை இடிக்காமல் அவளுக்கு முன்னால் ஒரு சீமாட்டியை நிற்க வைத்துவிட்டார். நாம் இருந்த வருஷங்களெல்லாம் அந்த வீடு அழுதுகொண்டே இருந்தது, மாடி அறைகளில் வாளி வைத்து அதன் கண்ணீரைப் பிடித்தேன். அவளுக்கு அது சிரிக்கிறது. வயிறு எரிகிறது ஹெஸ்டர், வேறு எப்படி எழுதுவது.

அவள் என்றது வீட்டை வாங்கிய மிசஸ் ஃபென்விக்கை. கணவர் லண்டனில் பழைய மேஜை நாற்காலி விற்கிறவர், வாரக் கடைசியில்தான் வருவார். அவள் நல்லவள், அதுதான் பெரிய தொல்லை. உயரமாக, குரல் உயர்த்தாமல், அந்த முன்கதவு தனக்காகவே செய்யப்பட்டது போல அதைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள். நான் ஸ்டோக்கில் ரொட்டி சுடுகிறவரின் மகள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான், ஆனால் எந்தக் கல்லூரியிலும் அப்படி ஒரு கதவைத் திறந்து நிற்கச் சொல்லித் தருவதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடைசிவரை நான் சமையல்கட்டு வழியாகத்தான் போய்வந்தேன். பேராயர் வந்தால் மட்டும் முன்கதவைத் திறந்தேன், அப்போதும் வீட்டுக்காரி எங்கே என்று அவர் என் தோளுக்குப் பின்னால் தேடுவதாகவே எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் பெண்பிள்ளை வயிற்றெரிச்சல் என்று விட்டுவிடலாம். ஆனால் போன இலையுதிர்காலத்திலிருந்து வேறொன்று நடந்தது. சபை மக்கள் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மணி அடித்தால் பெரும்பாலும் பால்காரர், இல்லாவிட்டால் மின்சார அளவு பார்க்கிறவர். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம், ஒரு கல்யாண அறிவிப்பு என்றால்கூட ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபடியே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். மனசைத் திறந்து பேச ஒருவரும் வரவில்லை, வந்த ஒன்றிரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துபோனார்கள். அதே நேரத்தில், கல்லறைத் தோட்டத்து யூ மர வேலிக்குள் ஒரு தொப்பி நுழைவதை நான் ஜன்னல் வழியே பார்ப்பேன். தொப்பி தெரியும், ஆள் தெரியாது, அப்புறம் தொப்பியும் தெரியாது. அந்த வேலிச் சந்து எங்கே போகிறது என்று உனக்குத் தெரியும், அப்பாவின் பழைய படிப்பறையின் பக்கக் கதவுக்கு. ஒரு ஞாயிறு கோயில் வாசலில் மிசஸ் ஃபென்விக்கே சொன்னாள்: "உங்க ஆளுங்க இன்னும் பழைய பழக்கத்துல எங்க கதவுக்கே வர்றாங்க. ரெக்டர் இங்க இல்லைன்னு சொன்னாலும் நகர்றதில்ல. நான் என்ன பண்றது, ஒரு கிளாஸ் ஷெர்ரி ஒயின் கொடுத்து உக்கார வெக்கறேன்." உங்க ஆளுங்க என்று சொல்லும்போது அவ்வளவு இனிமையாகச் சிரித்தாள்.

எட்னாவிடம் கேட்டேன், யார் யார் போகிறார்கள் என்று. "தொப்பி வெச்ச யாரா வேணா இருக்கலாம் ரெக்டரம்மா. அங்க ஷெர்ரி, இங்க டீ. நீங்களே சொல்லுங்க, எந்தக் கடைல கூட்டம் சேரும்?" என்று ஸ்டாம்பைக் கிழித்துக்கொண்டே கண்ணடித்தாள். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. மறுநாளே ஒரு பாட்டில் ஷெர்ரி வாங்கிவந்து முன்னறை அலமாரியில், சாலையிலிருந்து தெரிகிற மாதிரி வைத்தேன். 'குருமனை' என்று பெரிய எழுத்தில் புதுப் பலகை எழுதி வாசலில் மாட்டினேன். சீரகம்போன்ற காரவே விதை போட்ட கேக் செய்தேன், அதை நானும் அப்பாவும் வெள்ளிக்கிழமைவரை சாப்பிட்டோம். ஒரு தொப்பிகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அப்பாவைப் பற்றி நான் உனக்கு இதுவரை எழுதவில்லை, அவர் எழுதாதே என்றார். இந்த வசந்தத்தில் பேராயர் அவரைக் கூப்பிட்டு, உல்வர்ஹாம்ப்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சிற்றாலயக் குரு வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா படிப்பறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வராத மணிச்சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "ஆடு வராத இடத்துல மேய்ப்பனுக்கு என்ன வேலை வினிஃப்ரெட்? அங்கயாவது படுக்கைல இருக்கிறவன் எழுந்து ஓட மாட்டான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் நீ அடுத்த கப்பலில் திரும்பியிருப்பாய். இந்த ஊரில் அவர் கல்யாணம் செய்துவைத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அந்தப் பிள்ளைகளுக்கே கல்யாணம் செய்துவைக்கிற வயதுக்கு வந்துவிட்டார். யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத நீளமான நடைபாதைகளில் அவரை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை. இதற்கெல்லாம் காரணம் ஷெர்ரியும் விசிறிக் கண்ணாடியும்தான் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

அதனால் மே மாதக் கடைசியில் மிசஸ் ஃபென்விக் வந்து என் முன்னறையில் உட்கார்ந்து, ஒரு யோசனை கேட்கிறேன் என்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கச் சிரமமாக இருந்தது. படிப்பறையைக் காலை உணவு அறையாக்கப் போகிறாளாம், பக்கக் கதவு வழியே குளிர்காற்று வருகிறதாம், அதை உள்ளிருந்து செங்கல் வைத்து மூடிவிடலாமா, கவுன்சில் அனுமதி தந்துவிட்டது, ஆனாலும் இத்தனை வருஷம் அங்கே வாழ்ந்தவள் நீங்கள், உங்களுக்கு வருத்தம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றாள். நான் அவள் வாக்கியம் முடியக்கூடக் காத்திருக்கவில்லை. "தாராளமா அடைச்சிடுங்க. அது எதுக்கும் உதவாத கதவு" என்றேன். இன்னொரு கிளாஸ் ஷெர்ரியும் ஊற்றிக் கொடுத்தேன், என் ஷெர்ரியை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

கொத்தனார் வருகிற காலையில் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கோயிலில் பூ மாற்றப் போகிறேன் என்று எனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு, முதல் செங்கல் வைப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று கல்லறைத் தோட்டம் வழியாக யூ வேலிக்குள் நுழைந்தேன். நுழைந்த பிறகுதான் உறைத்தது, இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறைகூட அந்தக் கதவு வழியாக உள்ளே போனதில்லை. அது வருகிறவர்களுக்கான கதவு, நாம் உள்ளே இருந்தவர்கள். பாதை இரண்டு முறை வளைகிறது, முதல் வளைவிலேயே சாலை மறைந்துவிடுகிறது, அடுத்ததில் கோயிலும் மறைந்துவிடுகிறது. வீட்டின் அந்தப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை. டாக்டர் ஸ்கெஃபிங்டன் ஏன் அப்படிக் கட்டினார் என்று யோசித்தால் புரிகிறது. சேற்றுக்கால் குடியானவர்கள் தன் மனைவி மக்கள் கண்ணில் படக்கூடாது. அதற்காக வேலி, அதற்காகக் குருட்டுச் சுவர், அதற்காகக் குனிந்து நுழைகிற தனிக் கதவு. அவருடைய கர்வம்தான் அது. ஆனால் நடந்து பார்த்தால் உடம்புக்கு வேறு மாதிரி தெரிந்தது. என்னை யாரும் பார்க்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் தேடுகிற எனக்கு, முதன்முதலாக ஒரு வீடு நடந்துவர வழிவிட்ட மாதிரி இருந்தது.

கொத்தனார் இன்னும் வரவில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அந்தச் சின்ன முன்கூடம், கல்தரை, ஒரு பெஞ்சு, அதற்கு அப்பால் படிப்பறையின் கனமான உள்கதவு. பெஞ்சில் பெடோஸ் தாத்தா உட்கார்ந்திருந்தார், மேல்பண்ணைக்காரர், உனக்குக் குதிரை ஓட்டக் கற்றுக்கொடுத்தாரே அவர்தான். மனைவி மேபெல் பிப்ரவரியில் தவறிவிட்டாள் என்று எழுதியிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் துள்ளி எழவில்லை, வெட்கப்படவும் இல்லை. ஏற இறங்கப் பார்த்தார், தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "உங்களுக்குமா ரெக்டரம்மா? உக்காருங்க. அவசரமில்ல, யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றார். எனக்கும் மனசில் ஏதோ பாரம், அதை இறக்கிவைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, ஷெர்ரி நல்லதாமே என்று கேட்டேன், குரலில் முள் இருந்திருக்கும். அவர் சிரித்துவிட்டார். "அந்தத் தித்திப்புத் தண்ணியா? ஜெரேனியம் தொட்டிக்கு ஊத்தறேன், அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க. செடிக்கு ரெண்டு நாளா தலை சுத்துது" என்றார். ரெக்டர் இல்லாத இடத்துக்கு எதற்கு வருகிறீர்கள், ரெக்டர் அங்கேதானே இருக்கிறார் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க வீட்டுல ரெக்டர் இருக்கார்மா, உக்கார இடம் இல்ல. மேபெல் போனப்ப வந்தேன். அந்த சிமெண்டு ரோட்டுல நடக்கறேன், எதிர்ல பஸ்ஸுக்கு நிக்கறவங்க அத்தனை பேரும் பாக்கறாங்க. எட்னா ஜன்னல் துணிய விலக்கிட்டா. நான் மணி அடிக்கறதுக்குள்ள பெடோஸ் அழப்போறான்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. சரின்னு உள்ள போனேன். அவளைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்க சட்டில முட்டை பொரியுது. சத்தம் எனக்குக் கேக்குது. அப்போ நான் பேசறது உங்களுக்குக் கேக்கும்தானே? பாதில நிறுத்திட்டு மழையப் பத்திப் பேசிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

எனக்குக் கேட்டது உண்மை. எல்லாமே கேட்கும், அந்தச் சுவர் அட்டைதான். அன்று நான் முட்டையைப் பொரிக்கும் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன் என்பதும் உண்மை. ஊர்க்காரர்கள் அவளுடைய வாசலையும் ஷெர்ரியையும் பார்த்து மயங்கிப் போனார்கள் என்று நான் வேகிறேன், அவர்களோ தங்களை யாரும் பார்க்காத ஒரு பெஞ்சைத் தேடிப் போயிருக்கிறார்கள். அப்போது வெளியே கைவண்டி உருளும் சத்தம் கேட்டது, கொத்தனார் செங்கல்லோடு வந்துவிட்டார். பெடோஸ் தாத்தா தொப்பியைப் போட்டுக்கொண்டு, "அப்போ இதுவும் போச்சு" என்று மெதுவாக எழுந்தார்.

நான் அவரை இருக்கச் சொல்லிவிட்டு, கொத்தனாரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். சமையல்கட்டு வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை. முன்கதவுக்குப் போய், விசிறிக் கண்ணாடியின் கீழே நின்று மணியை அடித்தேன். மிசஸ் ஃபென்விக் வந்தாள். கதவை மூட வேண்டாம் என்றேன். "நீங்கதானே எதுக்கும் உதவாத கதவுன்னு சொன்னீங்க?" என்றாள். பொறாமையில் சொன்னேன் என்றேன், அப்படியே, மூச்சுவிடாமல். உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், எங்கள் வீட்டுக்கு வருவதில்லை, அதைத் தாங்க முடியாமல் சொன்னேன், அந்தப் பழைய படிப்பறையை வாரத்தில் இரண்டு காலை என் கணவருக்குத் தர முடியுமா, அவர் அங்கே உட்கார்ந்தால் போதும் என்றேன். அப்புறம் அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "குளிர்காத்துக்காக மூடப் பாத்தேன்னு நெனைச்சீங்களா? தினம் என் வீட்டுக்குள்ள வந்து உக்காருறாங்க, என்னைப் பாத்தா பேச்சை நிறுத்திடறாங்க. ஷெர்ரிய வாங்கிக்கிட்டு, ரோஜா எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. அவரோட நாற்காலி இருந்த எடத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு மட்டும் எப்படி இருக்கும்?" அவள் குரல் அப்போதும் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது. இரண்டு பேரும் அந்தப் பெரிய வாசலில் முட்டாள்கள்போல நின்றோம். கொத்தனார் தன் செங்கல்லைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார், வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டே.

அவள் அறையைத் தரச் சம்மதித்ததை அன்றே அப்பாவிடம் சொன்னேன். இப்போது செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவர் தோட்டச் சுவரில் உள்ள சின்ன வாசல் வழியாக அந்தப் பக்கம் போகிறார். போகும்போது மெதுவாகத்தான் போவார், திரும்பும்போது பசியோடு வேகமாக வருவார். பேராயருக்கு வர இயலாது என்று பதில் எழுதிவிட்டார், தபாலில் நானே போட்டேன், எட்னா விலாசத்தைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினாள், அவளுக்கு அது பெரிய காரியம். ஆகவே நாங்கள் இங்கேதான் இருக்கப்போகிறோம், நீ கவலைப்படாதே.

என் வயிற்றெரிச்சல் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். முன்பு ஒரு வீட்டைப் பார்த்து எரிந்தேன், இப்போது அந்த வீடு வாரத்தில் இரண்டு நாள் என் கணவரையும் எடுத்துக்கொள்கிறது. அவருக்குக் காபி கொண்டுபோய் வைக்கிறவள் அவள். அங்கே யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சுவர் அட்டையாக இருந்தவரை எனக்கு எல்லாம் தெரிந்தது, இப்போது மற்ற எல்லோரையும்போல நானும் வெளியில் நிற்கிறேன். போன வெள்ளிக்கிழமை தட்டுகளைத் தொட்டியில் அப்படியே போட்டுவிட்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கல்லறைத் தோட்டம் வழியாகப் போனேன். செருப்பைத் துடைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் இருந்தாள், யாரென்று உனக்கு எழுத மாட்டேன். அவள் போய்த் திரும்பிய பிறகு உள்கதவில் அப்பா நின்றார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்கவும் இல்லை. எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே, "உள்ள வாங்க, கதவைச் சாத்திட்டு வாங்க" என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கை தொடுகிற நோயாளிகளுக்குச் சுகத்தையும் உனக்கு நல்ல தூக்கத்தையும் தருவாராக. அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு வருகிறது. கம்பளி உள்சட்டையை அலமாரியில் வைத்துப் பாதுகாக்காதே, போட்டுக்கொள். மிசஸ் ஃபென்விக் உன் விலாசத்தை வாங்கிக்கொண்டிருக்கிறாள், நீ ஊருக்கு வந்தால் உன் பழைய அறையிலேயே தங்கலாம் என்று எழுதப்போகிறாளாம். மரியாதையாக நன்றி சொல்லிப் பதில் எழுது. போய் எல்லா அறையையும் சுற்றிப் பார், ஜன்னல் சிக்குகிறதா என்று நீயே திறந்து பார், ஷெர்ரி கொடுத்தால் குடி. படுப்பது மட்டும் இங்கே, சமையலறைக்கு அடுத்த அறையில், நீ இருமினால் எனக்குக் கேட்கிற இடத்தில்.

உன் பிரியமுள்ள அம்மா,
வினிஃப்ரெட்